தொட்டி குடித்த வெந்நீர்

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குள் ஆட்டுக்கறி தின்றே தீருவது என்று செவ்வாய்க்கிழமை காலையில் மகுடேஸ்வரன் முடிவு செய்தார். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவுதான். ஆனாலும் வாய் கொப்பளித்த பிறகும் அது மாறவில்லை.

பின்னே என்ன? மார்கழி முழுக்கக் கத்தரிக்காய். தை பிறந்தது, வழியும் பிறக்கும் என்று பார்த்தார். மறுபடியும் கத்தரிக்காய்தான் பிறந்தது. வீட்டுக்காரி இந்துமதிக்குப் பிறந்த ஊர் சேவூர். அங்கிருந்து அவளுடைய ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவார்கள். அவர்கள் அங்கே மாலை போட்டால் போதும், திருப்பூரில் இருக்கும் மகுடேஸ்வரன் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. நடக்கிறவர்கள் அவர்கள், வேண்டுதல் அவர்களுடையது, நாக்கு செத்துப்போவது மட்டும் எனக்கா என்று அவர் ஒருநாள் கோபமாகவே கேட்டார். கேட்டது கண்ணாடியிடம்.

இந்த நிலைமையில்தான் திங்கட்கிழமை ராத்திரி பொங்கலூரிலிருந்து லிங்கசாமியின் போன் வந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். தோட்டத்துக் கருப்பராயனுக்கு ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டு.

“ரெண்டு கெடா பங்காளி. ரெண்டும் வெள்ளாடு. தலைக்கறி உனக்குன்னு சொல்லி வெச்சுட்டேன்.”

தலைக்கறி என்ற சொல்லைக் கேட்டதும் மகுடேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் என்றால் இதுதான்.

ஒரே ஒரு தடை. அதே ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேவூர்ப் பாதயாத்திரைக்காரர்கள் பன்னிரண்டு பேர் இவர் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். கால் நோவு தீர வெந்நீரில் குளிப்பார்கள். சாப்பிடுவார்கள். படுத்து எழுந்து மூன்று மணிக்குக் கிளம்புவார்கள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும். சும்மா இருக்கவும் விடமாட்டார்கள், வேலை செய்ய வேண்டும்.

மகுடேஸ்வரன் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அங்கே நாற்பது பேர் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் பாய்லர் எரியும், சொன்னால் அணையும். வீட்டில் அவர் சொல்லி அணைந்தது பாத்ரூம் லைட் மட்டும்தான். அதுவும் ‘ஏனுங்க, அதை அணைச்சுப்போட்டு வாங்க’ என்று இந்துமதி சொன்ன பிறகு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அவர் பேச்சை எடுத்தார்.

“இந்து, வர்ற ஞாயித்துக்கெழம கம்பெனியில பாய்லர் இன்ஸ்பெக்சன்.”

“அப்படீங்களா.”

“ஆபீசர் வர்றாரு. மாஸ்டர் இல்லாம முடியாது.”

“ஞாயித்துக்கெழமையுங்களா ஆபீசரு வர்றாரு?”

“ரொம்பக் கடமையுணர்ச்சி உள்ள ஆபீசர்.”

“போன வருசம் மிசின் ரிப்பேருன்னீங்க. அதுக்கு முந்துன வருசம் ஷிப்மெண்ட்டுன்னீங்க. உங்க கம்பெனியில எல்லாக் கெரகமும் தைப்பூசத்துக்குத்தான் வருமுங்களா?”

“தொழில்னா அப்படித்தான் அம்மிணி.”

“போன வருசம் பன்னெண்டு பேத்துக்குச் சோறும் நானே ஆக்கி, சுடுதண்ணியும் பச்சத் தண்ணியும் நானே கலந்து வெளாவி, சாயங்காலம் இடுப்புப் புடிச்சுக் கெடந்தனுங்க. நீங்க ஏழு மணிக்கு வந்து, சாப்பாடு வேண்டாம், கம்பெனியில குடுத்தாங்கன்னீங்க. சட்டையில கறி வாசம் அடிச்சுது.”

“அது சாய வாசம்.”

“சாயத்துல பட்டை கெராம்பெல்லாம் போடுவாங்களாக்கும்.”

இந்துமதி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். இடுப்பு வலி உண்மைதான் என்பது மகுடேஸ்வரனுக்கும் தெரியும். அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தலைக்கறி அதைவிட உண்மையாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது, மகள் நித்யஸ்ரீ கூடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தலையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். பிளஸ் ஒன். திங்கட்கிழமை வேதியியல் பரீட்சை. பக்கத்தில் இந்துமதி உட்கார்ந்து, வேறென்ன, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன கண்ணு ஆச்சு?”

“தன்வெப்ப ஏற்புத்திறன் புரியவே மாட்டேங்குதுங்கப்பா.”

“பேரைக் கேட்டா தேர்தல்ல நிக்கற மாதிரி இருக்குது. என்ன அது?”

“ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடு பண்ண எவ்வளவு வெப்பம் வேணுமோ, அதான் தண்ணியோட தன்வெப்பம். ஒரு கிலோ கலோரி. ஆனா அதே வெப்பத்தை ஒரு கிலோ நல்லெண்ணெய்க்குக் குடுத்தா ரெண்டு டிகிரி ஏறிக்குதுங்கப்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு அளவு. அதுலயும் வெப்பம் வேறயாம், வெப்பநிலை வேறயாம்.”

மகுடேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு இது அன்றாடம். தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை அறுபது டிகிரிக்கு ஏற்றி அதில் பனியன் துணியை முக்குகிறவர். வீட்டில் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று பேச்சில் வருவது அவருக்கு அபூர்வம்.

“வெப்பம்னா உள்ள எவ்வளவு போச்சுங்கறது. வெப்பநிலைன்னா வெளிய எவ்வளவு காட்டுதுங்கறது. இப்ப என்னையும் உங்கம்மாவையும் எடுத்துக்க. நான் நல்லெண்ணெய். ஒரு வார்த்தை சொன்னாச் சுர்ருன்னு ஏறிக்கும். உங்கம்மா தண்ணி. எவ்வளவு ஊத்துனாலும் மொகத்துல ஒரு டிகிரி காட்டாது.”

“ஆனா ஏறுனா எறங்கவும் நேரமாகுமுங்க,” என்றாள் இந்துமதி, கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நித்யஸ்ரீ கணக்கைக் காட்டினாள். சூடான தண்ணீர் இத்தனை, குளிர்ந்த தண்ணீர் இத்தனை, கலந்தால் எத்தனை டிகிரி? மகுடேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது வெளாவறதுதான கண்ணு! உங்கம்மா தினம் பண்றா. சுடுதண்ணியில பச்சத் தண்ணி கலந்து பதம் பாக்கறது. என்ன, வெரலை உட்டுப் பாத்துப் பண்றா. படிச்சவன் கணக்குப் போட்டுப் பண்ணுவான்.”

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“இந்து! ஞாயித்துக்கெழம நான் எதுக்கு? நீதான் எதுக்கு? இத்தனை சொம்பு சுடுதண்ணி, இத்தனை சொம்பு பச்சத் தண்ணின்னு கணக்கு எழுதிப் பாத்ரூம் கதவுல ஒட்டிப்போடறேன். அவங்கவங்களே வெளாவிக்கட்டும். உன்ற இடுப்பும் தப்பிச்சுது, என்ற பாய்லரும் தப்பிச்சுது.”

இந்துமதி அரிவாள்மனையை மடக்கினாள்.

“வெரல் உடாமயேங்களா?”

“வெரல் எதுக்கு? தெர்மாமீட்டர் எதுக்கு இருக்குது?”

“அப்பச் சரீங்க. சனிக்கெழம எண்ணெ தேச்சுத் தண்ணி வாத்துக்குவீங்களல்லோ. அன்னிக்கு நீங்களே கணக்குப் போட்டு, வெரல் உடாம வெளாவுங்க. சரியா வந்துதுன்னா, ஞாயித்துக்கெழம நீங்க பாய்லரைப் பாக்கப் போலாம். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வரலீன்னா, வர்ற பன்னெண்டு பேத்துக்கும் நீங்கதான் வெளாவோணும்.”

“பந்தயமா?”

“பந்தயமுங்க.”

மகுடேஸ்வரனுக்குப் பாவமாக இருந்தது. விஞ்ஞானத்தோடு மோதுகிறாளே இந்தப் பெண் என்று.

சனிக்கிழமை காலை. உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டு, காதில் ஒரு பென்சில், கையில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டர். மகுடேஸ்வரன் ஆராய்ச்சிக்குத் தயாரானார். கொல்லையில் விறகடுப்பின் மேல் அண்டாவில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. நித்யஸ்ரீ நோட்டோடு நடுவராக நின்றாள்.

“அண்டா தொண்ணூறு டிகிரி. எழுதிக்க. குழாய்த் தண்ணி இருவத்துநாலு. எனக்கு வேண்டியது நாப்பத்திரண்டு. சுடுதண்ணி எவ்வளவு சூட்டை இழக்குதோ, அவ்வளவு சூட்டைப் பச்சத் தண்ணி வாங்கோணும். இழக்கறதும் வாங்கறதும் சமம். அவ்வளவுதான் கெமிஸ்ட்ரி.”

ஆறு லிட்டர் சுடுதண்ணீர் தொண்ணூறிலிருந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கினால் நாற்பத்தெட்டு டிகிரி. ஆறு பெருக்கல் நாற்பத்தெட்டு, இருநூற்று எண்பத்தெட்டு கிலோ கலோரி. பதினாறு லிட்டர் பச்சைத் தண்ணீர் இருபத்துநாலிலிருந்து நாற்பத்திரண்டுக்கு ஏறினால் பதினெட்டு டிகிரி. பதினாறு பெருக்கல் பதினெட்டு, அதே இருநூற்று எண்பத்தெட்டு. இரண்டு பக்கமும் தண்ணீரே என்பதால், பெரிய பேர்கொண்ட அந்தத் தன்வெப்பம் இரண்டு பக்கமும் அடிபட்டுக் காணாமல் போனது. ஆறும் பதினாறும். லிட்டருக்கு ஒரு சொம்பு. மகுடேஸ்வரன் தன் விடையைத் தானே ஒருமுறை ரசித்தார்.

“இந்து, வாளி எங்க?”

“அன்னதானத்துக்குக் கேட்டாங்கன்னு குடுத்துப்போட்டனுங்க. கல்தொட்டி இருக்குதல்லோ, அதுல வெளாவிக்குங்க.”

பாத்ரூம் மூலையில் ஒரே கல்லில் குடைந்த தொட்டி ஒன்று கிடந்தது. ராத்திரி முழுக்கக் குளிரில் ஊறிக் கிடந்த கல். அதைப் பற்றி மகுடேஸ்வரன் ஒன்றும் நினைக்கவில்லை. தொட்டி என்றால் தண்ணீர் நிற்கிற இடம், அதற்கென்ன கணக்கு?

பதினாறு சொம்பு பச்சைத் தண்ணீர். ஆறு சொம்பு வெந்நீர். விரல் படவில்லை. நித்யஸ்ரீ சாட்சி. ஒரு கலக்குக் கலக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தெர்மாமீட்டரைப் பார்க்கக்கூட இல்லை. கணக்கு சொன்ன பிறகு கருவி எதற்கு?

முதல் சொம்பைத் தலையில் ஊற்றினார்.

தை மாசக் காலை. எண்ணெய் உடம்பு. அவர் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு நஞ்சம்மாளுக்குக் கேட்டது. மதிலுக்கு மேலே நஞ்சம்மாளின் தலை எழும்பியது.

“ஏனுங் அம்மிணி, ஆருக்கு என்ன ஆச்சுங்க?”

“ஒண்ணுமில்லீங்க்கா. கெமிஸ்ட்ரி,” என்றாள் இந்துமதி.

உள்ளே பற்கள் தட்டச்சு அடித்தன. “மு... முப்பத்தாறு! தெர்மாமீட்டர் முப்பத்தாறுன்னு காட்டுது! ஆறு டிகிரி எங்க போச்சு? இந்து, எவனோ சூட்டைத் திருடிட்டான்!”

நித்யஸ்ரீ கதவுக்கு வெளியே நின்றபடி நோட்டைப் புரட்டினாள். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றது. அவள் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

“அப்பா! கலோரிமீட்டரை உட்டுட்டீங்கப்பா!”

“அதென்ன கண்ணு எழவு?”

“பாத்திரமுங்கப்பா. தண்ணி மட்டுமா சூடு வாங்குது? தண்ணி இருக்கற பாத்திரமும் வாங்கும். அதையும் கணக்குல சேக்கோணும். இருங்க... இருவத்திரண்டு லிட்டர் தண்ணி ஆறு டிகிரி எறங்கியிருக்குது. நூத்து முப்பத்திரண்டு கிலோ கலோரி காணோம். அதைத் தொட்டி வாங்கிட்டு இருவத்துநாலுல இருந்து முப்பத்தாறுக்கு, பன்னெண்டு டிகிரி ஏறியிருக்குது. நூத்து முப்பத்திரண்டை பன்னெண்டால வகுத்தா பதினொண்ணு. நம்ம தொட்டி பதினோரு லிட்டர் தண்ணிக்குச் சமமுங்கப்பா!”

“தொட்டி குடிச்சுப்போடுமுங்க,” என்றாள் இந்துமதி சாவகாசமாக. “அதுக்குத்தான் நான் தினமும் மொதல்ல ரெண்டு சொம்பு சுடுதண்ணிய ஊத்தி அலசி உட்டுட்டு வெளாவறது.”

“அதை முன்னாடியே ஏன் சொல்லலை?”

“வெரல் வேண்டாம்னீங்க. வாயும் வேண்டாமாக்கும்னு இருந்துட்டனுங்க.”

மகுடேஸ்வரன் விறைத்த உடம்போடு வெளியே வந்தார். வந்ததும் அறிவித்தார். இது தோல்வி அல்ல. இது முதல் சோதனை. எந்த விஞ்ஞானி முதல் சோதனையில் ஜெயித்தான்? சாயங்காலம் தொட்டி ஆறட்டும், தொட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பொங்கலூரில் இரண்டு வெள்ளாடுகள் அவருக்காகக் காத்திருந்தன, அவர் எப்படித் தோற்க முடியும்?

இந்துமதி மறுப்பே சொல்லவில்லை. “உங்க இஷ்டமுங்க” என்று ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் தொட்டியைத் தொட்டுப் பார்த்தால் பழையபடி ஜில்லென்று இருபத்துநாலுக்கு வந்திருந்தது. அப்பாவும் மகளும் உட்கார்ந்து புதுக் கணக்குப் போட்டார்கள். ஒன்பது சொம்பு வெந்நீர் இழப்பது நானூற்று முப்பத்திரண்டு. வாங்குவது பதின்மூன்று சொம்பு பச்சைத் தண்ணீரும், பதினோரு லிட்டருக்குச் சமமான தொட்டியும். ஊற்றினார்கள். கலக்கினார்கள். தெர்மாமீட்டரை விட்டார்கள்.

நாற்பத்திரண்டு. நூலிழை கூடவில்லை, குறையவில்லை.

மகுடேஸ்வரன் பாத்ரூமுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவர் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. இந்துமதி வந்து எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை ஒரு விரலை விட்டும் பார்த்தாள்.

“பதமா இருக்குதுங்க. செயிச்சுப்போட்டீங்க. நாளைக்கு நீங்க போலாம்.”

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதும் மகுடேஸ்வரன் உஷாராகியிருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை ஜெயித்தவனுக்கு அந்த நிதானம் எங்கே வரும்? அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினார்: ‘வெந்நீர் 9 சொம்பு. பச்சைத் தண்ணீர் 13 சொம்பு. விரல் விட வேண்டாம். இப்படிக்கு, மாஸ்டர்.’

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. “அரோகரா!” என்று சத்தம் வாசலில் கேட்டது. பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகப் பன்னிரண்டு பேர். முன்னால் மாமனார் ஆத்தப்பன். பின்னால் மாமியார் பழனியம்மாள். மச்சான் தமிழ்செல்வன். அதற்குப் பின்னால் பெரியப்பா சித்தப்பா வகையறா. எல்லோருடைய பாதமும் வீங்கியிருந்தது. மகுடேஸ்வரன் சலவைச் சட்டை போட்டு, வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு எதிரே வந்தார்.

“வாங்க மாமா, வாங்க அத்தை. கம்பெனியில ஒரு அவசர வேலை. ஆனா உங்களுக்குத் தண்ணி விஷயத்துல ஒரு குறையும் இருக்காது. எல்லாம் கணக்குப் போட்டு ஒட்டியிருக்குதுங்க.”

தாளில் இருந்தபடி தமிழ்செல்வன் தொட்டியில் வெளாவினான். முதலில் மாமனார் போனார். பத்து நிமிஷத்தில் துவட்டிக்கொண்டு வந்தவர் முகம் பூவாய் மலர்ந்திருந்தது.

“மாப்ளைங்க! என்ன பதமுங்க! அம்பது வருசமாத் தண்ணி வாத்துக்கறேன், இப்படியொரு பதத்தைக் கண்டதில்லீங்க.”

மகுடேஸ்வரன் நெஞ்சு நிமிர்ந்தது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இந்துமதி பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். அவர் வெளியே போய் வண்டியைக் கிளப்பினார். பொங்கலூர் அரைமணி நேரத்து வழி. மணி ஒன்பதரை. தலைக்கறி பத்திரமாக இருந்தது.

வண்டி கேட்டைத் தாண்டவில்லை. பாத்ரூமுக்குள்ளிருந்து மாமியாரின் குரல் தெருவுக்கே கேட்டது.

“அய்யோ சாமி! வெந்து போச்சே! தோலு உரிஞ்சு போச்சே!”

பன்னிரண்டில் பதினொரு தலைகள் மகுடேஸ்வரன் பக்கம் திரும்பின. மாமனார் ஆத்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மாப்ளைங்க, எனக்கு வெதுவெதுப்பா வெச்சுப்போட்டு, அவளுக்கு மட்டும் கொதிதண்ணியுங்களா? உங்களுக்கும் உங்க மாமியாருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ.”

“மாமா, சத்தியமா அதே ஒன்பது, அதே பதிமூணுதானுங்க!”

கல்யாணமான நாளிலிருந்து மாமியாரைப் பற்றி மனசுக்குள் எவ்வளவோ நினைத்திருக்கிறார். வெந்நீர் ஊற்ற நினைத்ததில்லை. இப்போது பழனிக்குப் போகிற கூட்டம், வழி நெடுகிலும் இதைச் சொல்லிக்கொண்டே போகும். வருகிற கல்யாணம், காதுகுத்து எதிலும் தலைகாட்ட முடியாது. அவர் வண்டியை அணைத்துவிட்டு, தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தொட்டித் தண்ணீர் நாற்பத்தேழு.

“எப்படிக் கண்ணு? அதே கணக்குத்தான?”

நித்யஸ்ரீ தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“அப்பா, அப்புச்சி வாத்துக்கறப்பவே தொட்டி சூடாயிருச்சுங்கப்பா. அம்மாயிக்கு வெளாவறப்ப அதுவே நாப்பது டிகிரியில இருந்திருக்குது. மொத ஆளுக்குத்தான் தொட்டி குடிக்கும். அப்பறம் அதுக்கு வயிறு நெறஞ்சு போச்சு. அம்மாயிக்கு ஆறே கால் சொம்பு சுடுதண்ணியே போதுமா இருந்திருக்கும்.”

“அப்ப இனி வர்றவங்களுக்கு ஆறே கால்னு எழுதி ஒட்டிப்போடு.”

“மூணாவது ஆளுக்கு அதுவும் மாறுமுங்கப்பா. ஆள் வர நேரமானா தொட்டி ஆறிக்கும். அண்டாவுல வேற அம்மா பச்சத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காங்க, இப்ப அது எழுபத்தஞ்சுதான். ஒவ்வொரு ஆளுக்கும் தொட்டி, அண்டா, குழாய் மூணையும் அளந்து புதுசாக் கணக்குப் போடோணும்.”

மகுடேஸ்வரன் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தார். ‘இப்படிக்கு, மாஸ்டர்’ என்று அது அவரையே பார்த்தது.

“இந்து!” என்று கூப்பிட்டார். “நீ கொஞ்சம் வந்து வெரல் உட்டுப் பாத்துட்டுப் போயேன்.”

சமையலறையிலிருந்து பதில் மட்டும் வந்தது. “அடுப்புல பாயசம் இருக்குதுங்க. அதுவுமில்லாம எனக்கென்னங்க தெரியும்? படிக்காதவ. கணக்கு உங்களுக்குத்தான தெரியும்.”

“மாப்ளைங்க,” என்றார் ஆத்தப்பன், வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “நீங்க இருந்து வெளாவுனாத்தான் இனி எங்க சனம் உள்ள போகுமுங்க. பயந்து போச்சுங்க.”

சலவைச் சட்டை கழன்றது. வேட்டி மடிந்து ஏறியது. மகுடேஸ்வரன் வேலையைத் தொடங்கினார்.

மூன்றாவது ஆள் வரைக்கும் அவரும் மகளும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். ஐந்தாவது ஆளுக்கு அவர் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நித்யஸ்ரீ விடையைச் சொல்லிவிட்டாள். ஏழாவது ஆளுக்கு அவள் நோட்டையே திறக்கவில்லை. “அண்டா எழுபத்தஞ்சு, தொட்டி நாப்பத்தொண்ணு. எட்டும் பதினாலுங்கப்பா, சீக்கிரம்!” என்று பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டாள். கணக்கெல்லாம் அவளிடம் போய்விட்டது. மகுடேஸ்வரனிடம் சொம்பு மட்டும் இருந்தது. நாற்பது பேர் மாஸ்டர் என்று கூப்பிடுகிற மனிதர், அண்டாவுக்கும் தொட்டிக்கும் நடுவே ஓடினார்.

அதோடும் விட்டார்களா? ருசி கண்ட பூனைகள். ஒரு சித்தப்பா, “எனக்கு மூட்டு வலிங்க, ஒரு நாப்பத்தி நாலு போடுங்க” என்றார். ஒரு அத்தை, “எனக்கு ரத்தக் கொதிப்பு, முப்பத்தொம்பது போதுமுங்க” என்றார். ஓட்டலில் தோசை சொல்வதுபோல் ஆளாளுக்கு டிகிரி சொன்னார்கள்.

நடுவில் இரண்டு தடவை மகுடேஸ்வரன் ஒதுங்கிப் போய்ப் போனைப் பார்த்தார். லிங்கசாமி கூப்பிட்டிருப்பான், ‘பங்காளி, எங்க இருக்க?’ என்று கேட்டிருப்பான், ஏதாவது சொல்லித் தலைக்கறியை எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று பார்த்தார். ஒரு போனும் வரவில்லை. இவரே கூப்பிட்டதற்கும் அவன் எடுக்கவில்லை. சிநேகிதத்தின் லட்சணம் இவ்வளவுதானா? கண்ணில் தண்ணீர் நின்றது. அது விறகுப் புகை என்று மகளிடம் சொன்னார்.

பன்னிரண்டாவது ஆள் துவட்டிக்கொண்டு வரும்போது மணி ஒன்று. பொங்கலூரில் இந்நேரம் இரண்டாவது பந்தி. இங்கே மாமனார் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இலை விழுந்தது. அதில் முதலில் வந்து உட்கார்ந்தது கத்தரிக்காய்ப் பொரியல்.

மூன்று மணிக்குக் கூட்டம் கிளம்பியது. மாமியார் பழனியம்மாள் கடைசியாக வந்து, “மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மாப்ளை. பொறகு வெளாவுன தண்ணி ரொம்ப நல்லா இருந்துதுங்க” என்றார். ஆத்தப்பன் தோளில் தட்டினார்.

“அடுத்த வருசம் இருவது பேரா வர்றோமுங்க. தண்ணி உங்க பொறுப்புத்தான்.”

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை கும்பிட்டபடி நின்றுவிட்டு, ஈரத்துண்டுகளைக் காயப்போட மகுடேஸ்வரன் மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒன்றுக்குள் ஒன்றாக, நான்கு பிளாஸ்டிக் வாளிகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் இந்த வீட்டு வாளிகள். வாளியில் வெளாவியிருந்தால் அது குடிக்கிற சூடு அரை டிகிரிகூட இருக்காது. சனிக்கிழமை காலையில் போட்ட ஆறும் பதினாறுமே சரியாக வந்திருக்கும்.

நான்கையும் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கி வந்தார். இந்துமதி கூடத்தில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று வருசத்தில் முதல் தடவையாக, தைப்பூசத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கவில்லை. பக்கத்தில் நித்யஸ்ரீ, திங்கட்கிழமைப் பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னதானத்துக்குக் குடுத்தேன்னியே? இதென்ன?”

“அவங்க வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. சொல்ல மறந்துட்டனுங்க.” அவள் ஒரு கடலையை வாயில் போட்டாள். “பாய்லர் இன்ஸ்பெக்சன் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?”

மகுடேஸ்வரன் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“என்னமோ போ. நீ பண்ணுனதைக்கூடப் பொறுத்துக்கலாம் இந்து. அந்த லிங்கசாமி ஒரு போன் பண்ணி, ஏண்டா வரலைன்னு கேக்கலை பாரு. அதுதான் மனசு ஆறலை.”

“அவரு எப்படீங்க கேப்பாரு? கோமளா என்னையக் கெடா வெட்டுக்கு அழைக்கக் கூப்பிட்டப்பவே சொல்லிப்போட்டனே, எங்கூட்டுக்காரரு அன்னிக்குத் தண்ணி வெளாவோணும், வரமாட்டாருன்னு.”

கோமளா லிங்கசாமியின் மனைவி. மகுடேஸ்வரன் மெதுவாக நிமிர்ந்தார்.

“எப்பச் சொன்னே?”

“புதன்கெழம மத்தியானமுங்க.”

“நாம பந்தயங் கட்டுனதே புதன்கெழம சாயங்காலந்தான?”

“ஆமாங்க. முன்னக்கூட்டியே சொன்னாத்தானுங்களே ஒரு எலையக் கொறைச்சுச் சமைப்பாங்க. பாவம், சோறு வீணாப் போகக்கூடாதல்லோ.”